எது பெண் தைத்தது?

யுத்த காலத்தில் ஆவடியில் பட்டாளத்துக்குக் கூடாரம் தைக்கும் கொட்டகை ஒன்று இருந்தது. சேக்காட்டிலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன். வீட்டுக்காரர் காசநோயில் படுத்திருந்தார். என் கூலியில்தான் அடுப்பு எரிந்தது.

கொட்டகையில் பத்து ஆண்கள், எட்டுப் பெண்கள். ஒரே மாதிரி மிஷின், அதே முரட்டுக் கித்தான் துணி, ஆளுக்கு ஒரே அளவு வேலை. ஆனால் நாளுக்கு அவர்களுக்கு ஒரு ரூபாய், அதாவது பதினாறணா; எங்களுக்குப் பத்தணா. மாதக்கணக்கில் பொறுத்துப் பார்த்தேன். ஒரு சனிக்கிழமை கூலி வாங்கும்போது, கொட்டகையை நடத்திய காண்ட்ராக்டரிடம் கேட்டேவிட்டேன்.

அவர் கோபப்படவில்லை, சிரித்தார். “சமமாத்தானே வேணும்? திங்கக்கெழமைலேர்ந்து எல்லாருக்கும் பன்னெண்டணா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

திங்களன்று ஆண்கள் யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. பெண்களிலேயே இரண்டு பேர், உனக்கு ஏன் இந்த வேலை என்று என்னைப் பார்த்து முணுமுணுத்தார்கள். மத்தியானம், கொட்டகை போட்ட நாளிலிருந்து இருக்கும் மூத்த தையற்காரர் நேராக என்னிடம் வந்தார்.

“நேத்து வந்த நீயும் நானும் ஒண்ணா? உன்னால என் புள்ளைங்க வயித்துல அடிச்சிட்டாரும்மா.”

நிமிர்ந்து பார்த்துச் சொன்னேன்: “எங்க கூலிய ஏத்தச் சொன்னேன் அண்ணாத்தே. உங்க கூலிய எறக்கச் சொன்னேனா? நாங்க கம்மிக்கு வேல செஞ்சிகினு கீற வரைக்கும், எங்களக் காட்டியே உங்களையும் எறக்குவாங்க.”

நாங்கள் தைத்து அடுக்கியிருந்த துணிகளில் ஒன்றை அவர் இழுத்துத் தையலை விரலால் தடவினார். ஆண்கள் தைத்த அடுக்கிலிருந்து இன்னொன்றையும் எடுத்துத் தடவினார். பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு போய்க் காண்ட்ராக்டரின் மேஜையில் போட்டார்.

“இதுல எது பொம்பள தச்சதுன்னு காட்டுங்க மொதலாளி. காட்டிட்டா பன்னெண்டணாவே வாங்கிக்கிறேன்.”

காண்ட்ராக்டர் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். துணிகளைத் தள்ளி வைத்தார். மூத்தவர் திரும்பி வந்து தன் மிஷின் முன் உட்கார்ந்தார், ஆனால் மிதிக்கவில்லை. பக்கத்து மிஷின் நின்றது. அடுத்ததும் நின்றது. வேலை போனால் கஞ்சிக்கு என்ன வழி என்று நினைத்தேன். இருந்தும் காலை எடுத்துவிட்டேன். சற்று நேரத்தில் பதினெட்டு மிஷினும் ஓய்ந்தன.

அன்று சாயங்காலம் சரக்கு ஏற்றப் பட்டாள லாரி வர வேண்டியிருந்தது. மூன்று மணிவாக்கில் காண்ட்ராக்டரே வந்து, எல்லாருக்கும் ஒரு ரூபாய் என்றார்.

ஆண்களில் வேறொரு தையற்காரர் மட்டும் கடைசிவரை எங்களிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவருக்கு ஒரு காசு குறையவில்லை. ஆனாலும் ஏதோ குறைந்த மாதிரி இருந்திருக்கும்.

அந்த வாரக் கூலியைக் கையில் வாங்கிப் பார்த்த வீட்டுக்காரர், “ஆம்பள கூலி” என்றார்.

“இல்ல, தச்சதுக்குக் கூலி” என்றேன்.

எனக்கு உரியதைக் கேட்டு வாங்கினேன், அதற்காக அடுத்தவர் கூலியில் கை வைக்கவில்லை என்ற பெருமை, இந்த வயதிலும் என்னைத் தலை நிமிர்ந்து நடக்க வைக்கிறது.