சீனப் படமும் என் நடுக்கமும்

தியேட்டரில் வேலை செய்கிறவனுக்குப் படம் எப்படிப் போகிறது என்பது கவலையில்லை. லைற் அணைந்த பிறகு உள்ளே இருக்கிற சனத்துக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாதே என்பதுதான் கவலை. பொது இடத்தில் பொறுப்பாக நின்று வேலை செய்கிற உங்களுக்கும் இந்தப் பயம் தெரிந்திருக்கும். நான் யாழ்ப்பாணத்தான். கனடாவில், ஸ்காபரோவில் ஒரு சின்னத் தியேட்டரில் ரிக்கற் பார்த்து, ஆட்களை இருத்துவது என் வேலை. ஞாயிறு மத்தியானங்களில் ஒரு சீனச் சங்கம் அதை வாடகைக்கு எடுத்துத் தங்கள் மொழிப் படங்களைப் போடும். வருகிறவர்கள் அநேகமாக வயதானவர்கள். அவர்களுக்கு இங்கிலிஷ் குறைவு, எனக்குச் சீனம் அறவே இல்லை.

எழும்பாத மனிசன்

ஒருநாள் படம் முடிந்து எல்லாரும் போய்விட்டார்கள். கடைசி வரிசையில் ஒரு கிழவர் மட்டும் தலையைத் தொங்கப்போட்டபடி இருந்தார். கிட்டப் போய்க் கூப்பிட்டேன், அசைவில்லை. கையைத் தொட்டால் ஐஸ் மாதிரி. அம்புலன்ஸுக்கு அடிக்கப் போனை எடுத்தால் விரல் நடுங்கி நம்பர் பிழைக்கிறது. அப்போதுதான் அவர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார். வீட்டுக்குப் போகவில்லையா என்று கேட்டேன். அரைகுறை இங்கிலிஷில் ஆறுதலாகச் சொன்னார்: "வீட்டில பேரப்பிள்ளையளுக்கு என்ர பாஷை விளங்காது. இன்னொரு படம் போடமாட்டியளோ?"

பொப்கோர்ண் மேசைக்குக் கீழே

சீனப் புத்தாண்டு விழாவை முன்மண்டபத்தில் வைத்தார்கள். சிங்க நடனம், மேளம் எல்லாம் நன்றாகத்தான் போனது. உள்ளே வெடி கொளுத்தக் கூடாது என்பதால் வெடிச் சத்தத்தை ஸ்பீக்கரில் போடுவதாகத் திட்டம். அதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

படபடவென்று சத்தம் கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. பிறகு பார்த்தால் நான் பொப்கோர்ண் மேசைக்குக் கீழே தலையைப் பொத்திக்கொண்டு கிடக்கிறேன். ஊரைவிட்டு வந்து எவ்வளவோ காலம், உடம்புக்கு அது தெரியவில்லை. வெட்கத்தோடு எழும்பப் பார்க்கையில் பக்கத்தில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். பொப்கோர்ண் விற்கிற ரமணி, மட்டக்களப்புப் பிள்ளை. முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தவள் மெல்லச் சொன்னாள்: "கொஞ்சம் அங்கால அரக்கி இருங்க அண்ணன், நான் உங்களுக்கு முதலே வந்திட்டன்."

நெருப்பு மணி

அன்றைக்கு யுத்தப் படம். பாதியில் தியேட்டரின் நெருப்பு மணி அடித்தது. படத்திலும் சைரன் ஊதிக்கொண்டிருந்ததால் ஒருவரும் அசையவில்லை. முன்னால் ஓடிப் போய் இங்கிலிஷில் சொன்னேன். திரையை மறைக்காதே என்று கையைக் காட்டினார்கள். பின் அறைப் பக்கமிருந்து புகை மணம் வரத் தொடங்கியது. அவசரக் கதவுகள் எனக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. இவ்வளவு சனமும் இதற்குள் அகப்பட்டால் என்ன செய்வது என்று நினைத்தேன்.

அதோடு வாயில் இருந்த இங்கிலிஷும் போய்விட்டது. "எழும்புங்கோ, வெளிய வாங்கோ" என்று தமிழில் கத்தினேன். எல்லாரும் எழும்பினார்கள். நடைவண்டியோடு வந்த ஒரு அம்மாவைக் கடைசியாக நான்தான் கைத்தாங்கலாக வெளியே கொண்டுவந்தேன்.

தீயணைப்புப் படை வந்து பார்த்ததில் ஏதோ வயர் கருகியிருந்தது, அவ்வளவுதான். பனிக்குள் என் ஜக்கெற்றைப் போர்த்திக்கொண்டு நின்ற அந்த அம்மா, தனக்குத் தெரிந்த இங்கிலிஷில் நிதானமாகச் சொன்னார்: "நீங்கள் என்ன பாஷையில கத்தினீங்கள் எண்டு தெரியாது. ஆனா அவ்வளவு பயந்த ஆள் பொய் சொல்லமாட்டார் எண்டு விளங்கினது."

இப்போதும் ஞாயிறு வேலைக்குப் போகிறேன், சீனம் ஒரு சொல்லும் படிக்கவில்லை, பயம் ஒரு துளியும் குறையவில்லை, ஆனால் வேலையில் கெட்டிக்காரன் என்று எப்படியோ பெயர் எடுத்துவிட்டேன்.