சதுரகிரிக்கு ஓடிய மாப்பிள்ளை

பெண் பார்க்கப் போன இடத்தில் என்னைப் பார்த்ததும் பெண் வீட்டாருக்குக் கவலை வந்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் வீடு. எண்பதுகளின் கடைசி. நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கிளார்க். சட்டையைக் கழற்றினால் விலா எலும்பை எண்ணிவிடலாம்.

"மாப்பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணுமில்லையே?" என்று பெண்ணின் அண்ணன் மெதுவாகத்தான் கேட்டார். என்னோடு வந்திருந்த என் அக்காவுக்குச் சுருக்கென்றது.

"என் தம்பிக்கா? தெனமும் விடியமுன்ன சஞ்சீவி மலைக்கு ஓடிட்டு வாரான். ஓடுற ஒடம்புல சதை எங்க தங்கும்?"

நான் கையிலிருந்த பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சஞ்சீவி மலை எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். எனக்கும் அதற்கும் அவ்வளவுதான் பழக்கம்.

அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவர். ஆலங்குளத்தில் சிமெண்ட் ஆலை வேலை. அகன்ற மார்பு. "அப்படியா மாப்ளே? நானும் ஓடுற ஆளுதான். வார அமாவாசைக்குச் சதுரகிரிக்கு ஓடியே ஏறிருவோமா?" என்றார். அக்கா எனக்கு முன்னால் சரி என்றாள். கல்யாணத்தோடு மலையும் நிச்சயமாகிவிட்டது.

அமாவாசையன்று நாலு மணி இருட்டில் தாணிப்பாறை அடிவாரத்திலிருந்து கிளம்பினோம். கையில் ஆளுக்கொரு டார்ச். நான் புதிதாகக் கேன்வாஸ் ஷூ வாங்கியிருந்தேன். மலைமேல் சிவன் கோயிலுக்கு மூட்டை முடிச்சோடு ஏறிக்கொண்டிருந்த கூட்டம், நாங்கள் ஓடி வருவதைக் கண்டு பதறி ஒதுங்கியது. "மேல யாருக்கு என்னாச்சு?" என்று ஒருவர் கேட்டார். பதில் சொல்ல எங்கள் இருவருக்குமே மூச்சு இல்லை.

வழுக்குப்பாறையைத் தாண்டுவதற்குள் என் நெஞ்சு தறிபோல் அடித்தது. ஷூ கயிறு அவிழ்ந்ததாகச் சொல்லிக் குனிந்தேன். கொஞ்ச தூரம் போய் இன்னொரு முறை குனிந்தேன். ஐந்தாவது முறை குனிந்தபோது மச்சான் ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "நல்லா இறுக்கிக் கட்டுங்க மாப்ளே. ஒண்ணும் அவசரமில்ல" என்றார். பெருந்தன்மை என்று நினைத்தேன்.

கோரக்கர் குகைக்குப் பக்கத்தில் திரும்பிப் பார்த்தால், பின்னால் அவருடைய டார்ச் வெளிச்சத்தைக் காணவில்லை. இறங்கிப் போய்ப் பார்த்தேன். ஒரு பாறையில் மல்லாந்து கிடந்தார். தலையில் சுக்குக் காப்பித் தூக்கோடு ஏறி வந்த ஓர் அம்மாள் எங்களைப் பார்த்து, "மெதுவா வாங்கப்பா. நான் போயி அடுப்பப் பத்த வைக்கேன்" என்று சொல்லிவிட்டு நிற்காமல் மேலே போனார்.

"மாப்ளே, ஒரு உண்மையச் சொல்லட்டா?" என்றார் மச்சான். "நான் ஓடுற ஆளே இல்ல. உங்கக்கா அப்படிச் சொன்னதும் எங்க வீட்டுக்கும் ஒரு கெத்து வேணும்னு சொல்லிட்டேன். கண்மாய்க் கரையில ரெண்டு நாள் ஓடிப் பழகினேன். மூணாம் நாள் நாய் வெரட்டுச்சு. அதோட விட்டுட்டேன்."

நானும் உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அது. சொல்லவில்லை. "அதனால என்ன மச்சான், உங்களுக்காக நடந்தே போவோம்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். பிலாவடிக் கருப்பைக் கும்பிட்டுச் சன்னிதிக்குப் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறியிருந்தது.

நல்ல மனுசன், வீட்டில் எதையும் மறைக்கவில்லை. "எனக்காக அவரு ஓட்டத்தையே நிறுத்திட்டாரு. தங்கமான ஆளு" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறார். விளைவு, கல்யாணமான மூன்றாம் நாளே தெரிந்தது. விடிகாலை நாலரைக்கு மனைவி எழுப்பினாள்.

"நேரமாச்சு. ஓடப் போகலியா?"

போனேன். முடங்கியார் ரோட்டு டீக்கடை வரைக்கும். அங்கே பேப்பர் படித்துவிட்டு, தெருக்குழாயில் கழுத்தை நனைத்துக்கொண்டு வீடு திரும்புவேன். ஒரு வாரம் ஓடியது. எட்டாம் நாள் துண்டை நீட்டியவள் நின்று மோந்து பார்த்தாள்.

"வேர்வையில உளுந்தவட வாசம் வருதே?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அடுக்களைத் தரையில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"உங்க அண்ணன்கிட்டச் சொல்லிராத."

"சொல்லுவனா? பாவம், அவிய உங்களப் பாத்துத்தான் இப்ப நெசமாவே ஓட ஆரம்பிச்சிருக்காக."

உண்மைதான். தொண்ணூறுகளில் அவர் அமாவாசைதோறும் சதுரகிரிக்கு ஓடி ஏறினார். ஒவ்வொரு முறையும் என்னைக் கூப்பிடுவார். நான் மில்லில் கணக்கு முடிப்பு, முழங்கால் வலி என்று ஏதாவது சொல்வேன். ஒரு தடவை மனைவி வேண்டுமென்றே, "போயிட்டுத்தான் வாங்களேன்" என்று பையைக் கையில் கொடுத்துவிட்டாள்.

இருட்டில் அவர் மான் மாதிரி போய்விட்டார். நான் கம்பை ஊன்றி ஏறினேன். பாதி வழியில் மேலேயிருந்து டார்ச் வெளிச்சம் ஒன்று இறங்கி வந்தது. மச்சான்தான். கையில் தண்ணீர் பாட்டில். என் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு, என் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டார்.

"வயசானா அப்படித்தான் மாப்ளே. மனசுல வச்சுக்கிறாதீங்க" என்றார், என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் தலையை ஆட்டிவிட்டுத் தண்ணீரைக் குடித்தேன்.