பாம்பு போட்ட டி-ஷர்ட்

என் கிளினிக் சுவரில் ஒரு படம் தொங்குகிறது. மாட்டியது நான் இல்லை, அப்பா. கிளினிக் திறந்த அன்றைக்கே ஆணியும் சுத்தியலுமாக வந்து, பூஜைக்கு வந்த ஐயர் கிளம்புவதற்குள் அடித்து முடித்துவிட்டார். படத்தில் சிவப்புச் செங்கல் கோபுரம் ஒன்று. அதன் முன்னால் ஒன்பது வயதில் நான், முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளை டி-ஷர்ட்டோடு. டி-ஷர்ட்டின் நெஞ்சில் கோலைச் சுற்றிய பாம்பு. ஊசி போட்டுக்கொள்ள வரும் பல்லடத்துக்காரர்கள் அதைப் பார்த்துவிட்டு, "அப்பவே டாக்டராகோணும்னு ஆசைங்களா?" என்று கேட்பார்கள். நான் ஆமாங்க என்று சொல்வேன். அப்படிக் கேட்டவர்களுக்கு ஊசியைக் கொஞ்சம் அழுத்தியே குத்துகிறேன் என்று நர்ஸ் சொல்கிறாள். இருக்கலாம்.

அந்தப் படம் எடுத்த ஊர் ரஷ்யாவில் இருக்கிறது. நிஷ்னி நோவ்கோரத் என்று பெயர். வோல்கா ஆறும் ஓக்கா ஆறும் சேருகிற இடத்தில், மேட்டின் மேல் பழைய கோட்டையும் கீழே படகுத்துறையுமாக இருக்கும் ஊர். என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்த அக்கா அங்கே டாக்டருக்குப் படித்துக்கொண்டிருந்தாள். ஏன் டாக்டர் என்றால், பொங்கலூர்ப் பெரியப்பா வீட்டில் ஒரு டாக்டர் வந்துவிட்டார், எங்கள் வீட்டில் இல்லை. வேறு காரணம் எதுவும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. அக்காவைக் கேட்டார்களா என்றால், எந்த ஊர்க் காலேஜ் என்பதைக் கூட அவளிடம் கேட்கவில்லை.

அவளுடைய மூன்றாம் வருடத்தில், என் முழுப்பரீட்சை லீவில், அவளைப் பார்க்கப் போனோம். அப்பாவுக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி. கம்பெனி என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். முப்பது மெஷின், ஒரு செக்கிங் டேபிள், எந்நேரமும் அலறும் ஒரு போன். வெறுங்கையோடு எங்கேயும் போய் நிற்கக் கூடாது என்பது அவர் கட்சி. அக்காவின் காலேஜ் முத்திரையை அட்மிஷன் கடிதத்திலிருந்து எடுத்து, பிரிண்டிங் போட்டு, பிரின்ஸ்பாலில் இருந்து வாட்ச்மேன் வரைக்கும் ஆளுக்கு ஒன்று என்று நாற்பது டி-ஷர்ட் தைக்கச் சொன்னார். ஒவ்வொரு பீஸையும் அவரே வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வெளிநாட்டு ஆர்டருக்குக் கூட அவ்வளவு பார்த்ததில்லை என்று டெய்லர்கள் சிரித்தார்கள்.

எனக்கு அந்தப் பாம்பு வேண்டும். பார்த்த அன்றைக்கே கேட்டேன். "அது டாக்டருங்களுக்குக் கண்ணு. உனக்கு வேற அடிச்சுத் தர்றன்" என்றார். நாற்பதில் ஒன்றைக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? முதல் கோபம் அங்கேதான் ஆரம்பித்தது.

இரண்டாவது கோபம் பனி. ரஷ்யாவில் பனியில் சறுக்கப் போகிறேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லி வைத்திருந்தேன். போய் இறங்கினால் மே மாதம், மரமெல்லாம் பச்சை, ஒரு பொட்டுப் பனி இல்லை. குளிர் மட்டும் மிச்சம் வைத்திருந்தார்கள். பனி எங்கே என்று நான் அழ, "உருகிப் போச்சு தங்கம்" என்றாள் அக்கா. நாங்கள் வருகிறோம் என்றபோதே அவள் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா?

மூன்றாவது கோபம்தான் பெரியது. அவள் எங்களை நடக்க வைத்தே கொன்றாள். முதல் நாள் காலேஜுக்குக் கிளம்பினோம். அப்பா வெள்ளை வேட்டி சட்டை, மேலே ஒரு பெரிய கோட்டு, கையில் டி-ஷர்ட் சூட்கேஸ். "இன்னைக்கு லீவுங்கப்பா" என்று கோட்டையைக் காட்டக் கூட்டிப் போனாள். இரண்டாம் நாள் காலேஜில் பரீட்சை, வெளியாட்களை உள்ளே விட மாட்டார்களாம். அன்றைக்கு நான்கு சர்ச்சும் ஒரு மியூசியமும். ஹாஸ்டலுக்காவது போகலாம் என்றார் அப்பா. ஆண்களை விட மாட்டார்களாம். நானும் அம்மாவும் ஆண்களா? இத்தனைக்கும் அப்பா சூட்கேஸை ஒரு நாளும் ஹோட்டல் ரூமில் வைக்கவில்லை. திடீரென்று காலேஜ் திறந்துவிட்டால் என்ன செய்வது என்று கோட்டை, சர்ச், சந்தை எல்லா இடத்துக்கும் கல் பாவிய தெருவில் அதைக் கடகடவென்று இழுத்துக்கொண்டே வந்தார்.

ஆற்றங்கரையிலிருந்து கோட்டைக்கு ஏற ஐந்நூறுக்கு மேல் படி. "பழனிக்கே விஞ்ச்சுல போறவளுங்க நான்" என்று அம்மா பாதியில் உட்கார்ந்துவிட்டாள். மேலே நின்று பார்த்தால் இரண்டு ஆறும் சேருகிற இடம் தெரியும், ஒன்றின் நிறம் வேறு, மற்றதன் நிறம் வேறு என்று அக்கா சொன்னாள். எனக்கு இரண்டும் தண்ணீராகத்தான் தெரிந்தது. கீழே துறையில் மூன்று மாடி வெள்ளைக் கப்பல் ஒன்று நின்றது. அதில் ஏற வேண்டும் என்றேன். அந்த ஊரில் சந்துபொந்தெல்லாம் இழுத்துக்கொண்டு போனவள், கப்பல் துறைக்கு மட்டும் கடைசிவரை கூட்டிப் போகவில்லை.

அவள் நடந்த விதமும் எனக்கு எரிச்சல்தான். மழையே இல்லை, சிவப்புக் குடையை மடக்கி, தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் போவாள். பேசும்போது எங்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடப்பாள், ஒரு கல்லிலும் இடற மாட்டாள். ஒவ்வொரு இடத்தை விட்டுக் கிளம்பும்போதும் எங்களை எண்ணுவாள். மூன்றே மூன்று பேர். ஒன்று, இரண்டு, மூன்று என்று விரலை நீட்டி எண்ணிவிட்டுத்தான் அடுத்த அடி வைப்பாள். நாங்கள் என்ன பட்டி ஆடுகளா? மியூசியத்தில் டிக்கெட் கொடுக்கிற குண்டுப் பொம்பளை அவளைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்து, டிக்கெட்டே வாங்காமல் உள்ளே விட்டாள். "பத்து நிமிஷம் இருக்குது, பாத்ரூம் போறவங்க போயிட்டு வந்துருங்க" என்று அக்கா சொன்னபோது அம்மாவுக்கே பொறுக்கவில்லை. "டூர் பஸ்சுக்காரனாட்டப் பேசறா பாருங்க" என்றாள். அப்பா சிரிக்கவில்லை. அன்றைக்கு அவர் அக்காவின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தது ஞாபகம் இருக்கிறது. அடிப்பாகம் ஒரு பக்கமாகத் தேய்ந்து போயிருந்தது.

மூன்றாம் நாள் பிரின்ஸ்பால் மாஸ்கோ போய்விட்டாராம். அப்பாவுக்கு முகம் சிவந்தது. "நாளானைக்கு பிளேனு. பிரின்ஸ்பால் இல்லீன்னா போகட்டும், கேட்டையாச்சும் காட்டு" என்று தெருவிலேயே நின்று சத்தம் போட்டார். அக்கா அழப்போகிறவள் போல நின்றாள். அப்புறம் குடையைத் தூக்கிக்கொண்டு, "இந்த ஒண்ணை மட்டும் பாத்துட்டுப் போயிரலாமுங்க" என்று நடந்தாள். எனக்கு அவளைப் பிடித்துத் தள்ளிவிடலாம் போல இருந்தது.

அந்த ஒன்றுதான் படத்தில் இருக்கிற கோபுரம். கோட்டையின் ஒரு மூலை. தண்ணீர்க் காவடி என்பதைத்தான் அதற்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்றாள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எட்டத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் கதை சொன்னாள். கோட்டை கட்டும்போது அந்த மூலை நிற்கவே இல்லையாம். விடியற்காலையில் அந்த வழியாக முதலில் வருகிற உயிரை உள்ளே வைத்துக் கட்டினால் நிற்கும் என்று முடிவு செய்தார்களாம். ஆற்றில் தண்ணீர் எடுக்க, தோளில் காவடியும் இரண்டு பக்கம் வாளியுமாக ஒரு பெண் வந்தாளாம். காவடியோடு சேர்த்தே வைத்துக் கட்டிவிட்டார்களாம்.

அவள் முடிக்கவும் கப்பலிலிருந்து ஒரு வெள்ளைக்காரக் கூட்டம் வரவும் சரியாக இருந்தது. முன்னால் நீலக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அவள் கழுத்தில் போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று தொங்கியது. அக்காவைப் பார்த்ததும் கத்திக்கொண்டே ஓடி வந்தாள், ரஷ்ய மொழியில் கடகடவென்று ஏதோ சொன்னாள், தன் பையிலிருந்து அதே மாதிரி இன்னொரு அட்டையை எடுத்து அக்காவின் கழுத்தில் மாட்டிவிட்டாள். அதில் அக்காவின் போட்டோ இருந்தது. காலேஜ் அடையாள அட்டையைத் தொலைத்துவிட்டாள் போல, நன்றாகத் திட்டு விழட்டும் என்று நான் நினைத்தேன்.

அப்பா அந்த அட்டையைக் கையில் எடுத்தார். துணியைப் பார்ப்பது போல முதலில் முன்பக்கம் பார்த்தார், பிறகு திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். நீலக் குடையைப் பார்த்தார். சிவப்புக் குடையைப் பார்த்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டார்.

"ரெண்டு வருசமாச்சுங்கப்பா. மொழி படிக்கிற காலேஜுக்கு மாறிட்டனுங்க. நீங்க அனுப்பற பணத்தைத் தொடறதில்லீங்க, இந்த வேலையில வர்றதே போதுமுங்க." குடையைக் கீழே இறக்கி, "முடியலீங்கப்பா" என்றாள்.

நான் அப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடி விழும் என்று உறுதியாக நம்பினேன். மூன்று நாள் நடந்ததற்கு எனக்கு அந்த ஒரு அறையாவது கிடைத்திருக்க வேண்டும். அவர் அடிக்கவில்லை, திட்டவும் இல்லை. இன்றைக்கு யோசித்தால் திட்டியிருந்தால் தேவலை என்று இருக்கிறது. கோபத்தை அங்கேயே கொட்டிவிட்டு வந்திருப்பார். அவர் கொட்டவில்லை, ஊருக்குக் கொண்டுவந்தார்.

"அந்தக் கதைய மறுக்காச் சொல்லு" என்றார்.

அக்கா சொன்னாள். முதலில் குரல் உடைந்தது. காவடியும் வாளியும் வருகிற இடத்தில் சரியாகிவிட்டது. கடைசி வரியில் எங்கே நிறுத்த வேண்டுமோ அங்கே நிறுத்தினாள். அவளுக்குப் பேச வந்தது, அதை யார் மறுத்தாலும் நான் சண்டைக்குப் போவேன். அப்பா கோபுரத்தின் அடிக்கல்லைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்தப் புள்ளைய அவங்கப்பன் தேடிட்டு வரலியாமா?"

"கதையில அது இல்லீங்கப்பா."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு சூட்கேஸைப் புல்லில் படுக்கப் போட்டுத் திறந்தார். நீலக் குடைக்கு ஒன்று கொடுத்தார். கப்பல்காரர்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார். பலூன் விற்கிறவனைக் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்கு மறுத்த பாம்பு, வருகிறவன் போகிறவன் நெஞ்சிலெல்லாம் ஏறியது. நான் புல்லில் விழுந்து காலை உதைத்து அலறினேன். அம்மா பெஞ்சிலிருந்து பதறி எழுந்து வந்தாள். "ஏனுங்க, காலேஜுக்குன்னு கொண்டாந்ததுங்க" என்றாள்.

"அங்க யாரும் இல்லையாம். குடுத்துட்டுப் போலாம்" என்றார் அப்பா. அம்மாவிடம் அதற்கு மேல் அவர் எதுவும் சொல்லவில்லை. இரண்டு வருடம் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடமும் கல்யாணத்துக்குக் கல்யாணம், மூத்தவ எப்படிப் படிக்கிறா என்று கேட்டவர்களுக்கெல்லாம் அம்மா, நல்லாப் படிக்கிறாளுங்க என்று சிரித்த முகமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்காகவும் எனக்கு அவர் மேல் கோபம் உண்டு.

சூட்கேஸின் அடியில் ஒரே ஒரு டி-ஷர்ட் மிச்சம் இருந்தது. அப்பா அதை உதறினார். என்னைப் புல்லிலிருந்து தூக்கி நிறுத்தி, கண்ணைத் துடைத்து, தலை வழியாக மாட்டிவிட்டார். தோள் தையல் முழங்கைக்கு வந்தது. பாம்பு வயிற்றுக்கு வந்தது. அவர் இரண்டடி பின்னால் போய், செக்கிங் டேபிளில் பீஸைப் பார்ப்பது போலவே என்னைப் பார்த்தார்.

"உனக்கு நல்லா இருக்குது கண்ணு. ஊருக்குப் போயி நல்லாப் படிக்கோணும்" என்றார்.

என் சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. பனி, கப்பல், கால் வலி எல்லாம் பறந்துவிட்டது. அம்மா கேமராவை எடுத்தாள். அப்போதுதான் அக்கா வந்தாள். இவ்வளவு நேரம் தனக்காகக் கூடப் பேசாதவள், "அப்பா, அவளுக்கு வேண்டாங்க. கழட்டிருங்க" என்று அப்பாவின் முகத்துக்கு நேராகக் கத்தினாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. அவள் என் தோள்பக்கம் டி-ஷர்ட்டைப் பிடித்து இழுத்தாள். "குடுத்துரு தங்கம், நான் உனக்கு வேற வாங்கித் தர்றன்" என்றாள். அம்மா படத்தை எடுத்தது அந்த நேரத்தில்தான்.

படத்தின் ஓரத்தில் அவள் கை மட்டும் தெரியும். அக்கா சட்டையைச் சரிசெய்து விடுகிறாள் போல என்று கிளினிக்கில் எல்லோரும் சொல்வார்கள். அப்பாவும் அப்படித்தான் சொல்கிறார். அக்கா இன்னும் அந்த ஊரில்தான் குடையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். போனில் பேசும்போது, என்னிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் பாதியில் நிறுத்திவிடுகிறாள். நான் மோசமான டாக்டர் இல்லை. அதுவும் எனக்கு எரிச்சலாகத்தான் இருக்கிறது.

படம் எடுத்து முடித்த பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. நான் அதைக் கடித்துவிட்டேன். ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்தேன். அவள் அதற்குப் பிறகும் உடனே விடவில்லை. நான் பாம்பை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அப்பாவின் கோட்டுக்குப் பின்னால் ஓடி ஒளிந்தேன். அங்கிருந்து எட்டிப் பார்த்தபோது அவள் என்னையே பார்த்து அழுதுகொண்டிருந்தாள். ஒரே ஒரு டி-ஷர்ட், அதைக் கூட எனக்கு விட்டுக்கொடுக்க இவளுக்கு மனசு வரவில்லையே என்று நினைத்தேன்.