பாட்டில் தண்ணீரில் வரைந்த ஆறு

முப்பத்தாறு. பாலத்தடி ஆற்றை அல்பான் ரூவியே பாட்டில் தண்ணீரில் வரைந்த ஓவியங்களின் எண்ணிக்கை இது. நினைவில் வையுங்கள்.

மடக்கு நாற்காலியில் உட்கார்ந்தபடி தூரிகையின் ஈரத்தைத் தொடையில் ஒற்றுவார். இடது தொடை பச்சை, வலது தொடை நீலம். கொடியில் காயும் அவர் கால்சட்டையைப் பார்த்தே அந்த வாரம் வானமா வயலா என்று ஊரில் சொல்லிவிடுவார்கள். வெள்ளைச் சாயம் தொடமாட்டார். வெளிச்சம் வேண்டிய இடத்தில் தாளை வெறுமனே விட்டுவிடுவார். "சும்மா விடறதுதான்யா கஷ்டம்" என்பார்.

முன்பு தகரக் குவளையை ஆற்றில்தான் முக்குவார். "ஆத்தை ஆத்துத் தண்ணியில வரையணும். குழாய்த் தண்ணியில வரைஞ்சா அது குளியலறை." பிறகு ஒருநாள் பையில் பாட்டில் ஏறியது. பாலத்து முனையில் காபிக்கடை வைத்திருக்கும் ஒதெத் விடவில்லை.

"என்ன முசியே, ஆத்தோட டூ விட்டாச்சா?"

சிரித்து மழுப்பினார்.

ஆற்று நீரில் நீலம் திரிந்து, குறுணை குறுணையாகத் தாளில் நின்றதுதான் காரணம். ஆற்றின் மேல்பக்கம் இருந்த காகித ஆலை கழிவைத் திறந்துவிட்டது. அதே ஆலைதான் அவருக்கு வருடா வருடம் ஓவியத் தாளைச் சும்மா கொடுத்தது. வாயை மூடிக்கொண்டார். அந்த ஆலையில் தொழிற்சங்கம் நடத்தியவன் நான். வேலை போய்விடும் என்று நாங்களும் மூடிக்கொண்டோம். அதையும் எழுதிவிடுகிறேன்.

ஆலை இன்னொரு கழிவுக்குழாய்க்கு அனுமதி கேட்டது. போன வியாழக்கிழமை நகரமன்றத்தில் விசாரணை. "ஆறு எப்பவும்போல சுத்தமாத்தான் இருக்கு" என்றார் ஆலை மேலாளர். மறுக்க யார் கையிலும் ஆதாரம் இல்லை.

காதுவரை சிவந்துபோய் அல்பான் எழுந்தார். இரண்டு தாள்களை மேசையில் வைத்தார். ஒன்றில் நீலம் திரிந்து கிடந்தது.

"இது ஆத்துத் தண்ணியில வரைஞ்சது. கடைசி. இது அதுக்கு மறுநாள், பாட்டில் தண்ணி."

இரண்டாவதில் தெளிந்த நீலத்தின் நடுவே வண்ணம் படாத இரண்டு வெள்ளைப் பொட்டுகள். குளிக்கும் குழந்தைகள். ஒதெத் குனிந்து பார்த்தாள்.

"இது என் கடைக்குக் கீழ இருக்கிற படித்துறை. இதுங்க என் பொண்ணுங்க."

நிமிர்ந்து அல்பானைப் பார்த்தாள்.

"உன் தூரிகைக்கு ஆகாத தண்ணியில என் புள்ளைங்க குளிச்சுதுங்க. நீ உக்காந்து வரைஞ்சிருக்க. சின்னவ இந்த வெயில்லயும் முழுக்கைச் சட்டைதான் போடுறா, தோல் அப்படி. எந்த வருஷத்துல இருந்துய்யா தெரியும் உனக்கு?"

அல்பான் இரண்டாவது தாளைப் புரட்டினார். மூலையில் பென்சிலில் எழுதியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டினார்.

2011. முப்பத்தாறில் அதுதான் முதல்.