இருபத்தாறு நாள் கொழுந்து பறித்த கால்

பதுளைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் முப்பத்தைந்து வருடம் இராக்கம்மா வெறுங்காலோடு மலை ஏறிக் கொழுந்து பறித்தாள். கல் குத்தியது, முள் கீறியது, அட்டை தன் பங்கைக் குடித்துவிட்டு மரியாதையாக இறங்கிப் போனது. காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைக் கெடுத்தது, கொழும்பில் வேலை செய்யும் மகள் சுதர்ஷினி ஆசையாக வாங்கி வந்த சப்பாத்து. தேர்த் திருவிழாவுக்கு ஒரே ஒரு நாள் போட்டாள். குதிகாலில் கொப்புளம். உடம்பில் ஏற்கெனவே சீனி வியாதி குடியிருந்ததால் கொப்புளம் புண்ணாகி, புண் எலும்பைத் தொட்டது.

காலைக் கீழே ஊன்றவே கூடாது, தினமும் மருந்து கட்ட வேண்டும் என்றார் ஆஸ்பத்திரி டொக்டர். ஒரு மாதம் போயும் ஆறவில்லை. கொழும்பில் கண்ணாடிக் குழாய் மாதிரி ஓர் அறை இருக்கிறது, அதற்குள் படுக்க வைத்து அழுத்தத்தோடு ஒட்சிசன் கொடுப்பார்கள், முப்பது தடவை படுத்தால் கால் தப்பலாம் என்றார் பிறகு. தப்பாவிட்டால் கணுக்காலுக்கு மேலே வெட்டு.

இராக்கம்மா பதறவில்லை. சுதர்ஷினியின் வேலையிடத்துக் காப்புறுதியில் தாய்க்கும் இடமிருந்தது. தோட்டத்து லய வீடுகளில் வேறு யாருக்கும் இல்லாத அந்தஸ்து. அவள் அதை அடக்கமாகத்தான் வைத்துக்கொண்டாள். ஒரு நாளைக்கு நாலு பேரிடம் மட்டும் சொன்னாள்.

காப்புறுதிக் கம்பனி அவளுடைய வேலை விபரம் கேட்டுத் தோட்டத்து ஒப்பீசுக்கு எழுதியது. பிறகு, 'அன்புள்ள அம்மணி' என்று தொடங்கி ஒரு கடிதம் அனுப்பியது. சாதாரண வைத்தியத்தை ஒழுங்காகச் செய்தும் பலனில்லை என்றால்தான் ஒட்சிசனுக்குப் பணம் கிடைக்கும். ஒழுங்கு என்பதில் காலை ஊன்றாமல் இருப்பதும் அடக்கம். தோட்டத்து வரவுப் பதிவான செக்ரோலின்படியோ அம்மணி அந்த மாதம் இருபத்தாறு நாள் வேலைக்கு வந்து, நாளுக்குப் பதினெட்டுக் கிலோ பறித்திருக்கிறார். ஆகவே வருந்துகிறோம்.

நடந்தது வேறு. படுத்துக் கிடப்பவளின் சம்பளம் நின்றுவிடக் கூடாதென்று, கூடப் பறிக்கும் பதினெட்டுப் பெண்கள் ஆளுக்குத் தினம் ஒரு கிலோவை அவள் கணக்கில் நிறுத்துப் போட்டார்கள். கங்காணி கந்தப்பன் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவள் பெயரைக் கூப்பிட்டு, தானே பதிலும் சொல்லி, முழு நாள் வேலைக்குப் பெயர் போட்டான். பிள்ளை பெற்றவளுக்கும் சாவு விழுந்த வீட்டுக்கும் அந்த மலையில் எப்போதும் செய்வதுதான். செக்ரோலை வேதவாக்காக எடுத்துக்கொண்ட முதல் ஆள் கொழும்புக் கம்பனிதான். தோட்டத்தை நடத்தும் துரைகூட அதை அவ்வளவு நம்பியதில்லை.

இராக்கம்மா கந்தப்பனுக்கு ஆள் அனுப்பினாள். அவனைக் காட்டிக் கொடுக்காமல் காலைத் தியாகம் செய்வாள் என்று யாரும் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்குக் கால் வேண்டியிருந்தது.

"நான் வேலைக்கே வரலன்னு எழுதிக் குடு தம்பி."

"எழுதுனா கங்காணி வேலை போயிரும்க்கா."

"போனா திரும்ப வாங்கிக்கலாம். எனக்குக் காலு மொளைக்குமா?"

ஒரு நாள் முழுக்க யோசித்துவிட்டு அவன் எழுதிக் கொடுத்தான். மூன்றே வரி. விஷயம் துரையின் காதுக்குப் போன அன்றே கங்காணிப் பட்டம் பறிபோய் அவன் கைக்கு மண்வெட்டி வந்தது. பெண்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அந்தக் கொழுந்து எப்போதோ தேயிலையாகி விற்றுப் போயிருந்தது. அதைப் பற்றித் தோட்டத்துக்கு ஒரு முறைப்பாடும் இல்லை.

ஐந்து வாரம் கழித்து அடுத்த கடிதம் வந்தது. உண்மையைச் சொன்னதற்குக் கம்பனி மனமார நன்றி சொல்லியிருந்தது. செக்ரோல் பொய் என்று இப்போது தெளிவாகிவிட்டது. பொய்யான ஆவணம் கலந்த கோரிக்கையை விதிகளின்படி பரிசீலிக்க முடியாது. பணிவன்புடன்.

புண் அந்த ஐந்து வாரமும் கடிதத்தை எதிர்பார்த்து உட்கார்ந்திருக்கவில்லை. டொக்டர் வெட்டுக்குத் திகதி குறித்தார். வீட்டுக்கு வந்திருந்த சுதர்ஷினி, இதற்காவது ஏதும் கிடைக்குமா என்று கம்பனிக்கு எழுதிக் கேட்டாள். மறுநாள் பத்து மணிக்கெல்லாம் அனுமதி வந்துவிட்டது. வெட்டு என்பது புதிய கோரிக்கையாம்; அதில் பொய் ஏதும் கலக்கவில்லையாம். முழுத் தொகையும் கொடுப்பார்கள். ஒரே ஒரு விபரம் மட்டும் தேவை: எந்தக் கால்?

சுதர்ஷினியால் அதை வாசித்து முடிக்க முடியவில்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். இராக்கம்மா கட்டிலில் சாய்ந்தபடி தன் காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"எடதுன்னு போடு," என்றாள். "தெளிவா எழுதுடி. மாத்தி எழுதிட்டா அதையும் நம்பிருவாங்க."