நின்றுவிடு என்று வேண்டினேன்

என்னைப் போல அம்மனை நம்பியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

போன பங்குனியில் ஒரு நண்பகல். விஸ்வநத்தம் தாண்டியதும் என் கார் நடுரோட்டில் நின்றது. வாங்கி ஒரு வருடம்கூட ஆகவில்லை. இன்ஜின் அணைந்ததும் கதவுகள் பூட்டிக்கொண்டன. கண்ணாடியும் இறங்கவில்லை. பின் இருக்கையில் என்னைப் பெற்ற அய்யா இருந்தார். பட்டாசு ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் தொழிற்சாலையில் பல வருடம் வெடிமருந்து கலந்து, மூச்சிரைப்பு வந்தவர்.

"ஏத்தா, கதவத் தெற... கதவத் தெற" என்று கண்ணாடியை அடித்துக்கொண்டே இருந்தார். லோடு வேனில் வந்தவர்கள் கல்லால் கண்ணாடியை உடைத்து அவரை வெளியே எடுத்தார்கள்.

பட்டாசு ஆபீசில் வெடிமருந்து அறைக்குப் பல பக்கமும் கதவு உண்டு. வேலைக்கு உட்காரும் முன் ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பார்ப்பது அய்யாவின் வழக்கம். ஒரு தீ விபத்தில் அவர் பிழைத்ததே திறந்திருந்த கதவால்தான். அவரை நான் பூட்டிய வண்டிக்குள் வைத்திருந்தேன்.

அதன்பின் அவர் என் காரில் ஏறவில்லை. "நீ போத்தா. நான் பஸ்ஸுல வாரேன்" என்பார். விருதுநகர் ஆஸ்பத்திரிக்கு அவர் பஸ்ஸில் போவார். பின்னால் நான் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, காலி வண்டியை ஓட்டிப் போவேன். அம்மா இல்லாத வீட்டில் அவர் ஒருவர்தான் எனக்கு.

ஆமத்தூர் டீக்கடையில் கேட்பார்கள்: "என்ன படிச்ச புள்ள, ரதம் இன்னைக்கு எங்கன நிக்குது?" சிரித்துவிட்டுப் போவேன். வீட்டுக்கு வந்து அழுவேன்.

ஏழு முறை சர்வீசுக்கு விட்டேன். அவர்கள் ஓட்டும்போது வண்டி ஒழுங்காக ஓடும். வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஷோரூம் மேலாளர் ஏழு சர்வீஸ் தாள்களை எடுத்து வைத்தார். "குறை சரியானது, திருப்தி" என்று ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. கீழே என் கையெழுத்து.

எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் கைநாட்டு. படித்தது நான் மட்டும். திருத்தங்கல் அச்சகத்தில் பட்டாசு லேபிள் வடிவமைக்கிறேன், ஒவ்வொரு எழுத்தையும் சரிபார்ப்பது என் வேலை. ஆனால் பேனாவை நீட்டினால் எனக்கு ஒரு பெருமை. வளைத்து வளைத்துப் போட்டிருந்தேன், படிக்காமல்.

அன்று மாலை காளியம்மன் முன்னால் தனியாக நின்றேன். அதுவரை 'வண்டி நிற்கக் கூடாது' என்றுதான் வேண்டியிருந்தேன். அன்று வேறு மாதிரி வாயில் வந்தது. 'தாயே, என் திமிரில் போட்ட கையெழுத்து. உண்மையை நீ காட்டு.'

மறுநாள் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். வண்டி நின்ற இடங்களை எல்லாம் எழுதினேன். படிக்காமல் கையெழுத்துப் போட்டதையும் மறைக்காமல் எழுதினேன். இரண்டு வாரத்தில் சென்னையிலிருந்து ஒரு அதிகாரி வந்தார்.

அவரே ஓட்டினார். அய்யா இருந்த இடத்தில் நான் உட்கார்ந்தேன். சிவகாசி வரை போய்த் திரும்பினோம். ஒன்றுமே ஆகவில்லை. "வண்டியில குறையே இல்லம்மா" என்றார். கண்ணை மூடிக்கொண்டேன். 'அம்மா, இப்போ நிறுத்து. நின்னுரு, நின்னுரு.'

நின்றது. கதவுகள் பூட்டிக்கொண்டன.

அவர் கைப்பிடியை இழுத்தார், தோளால் முட்டினார். வியர்வையில் சட்டை நனைந்துவிட்டது. "இதை எப்படிம்மா தெறக்கிறது?"

"ஏழு தடவ நானும் அதத்தான் சார் கேட்டேன்."

கொஞ்ச நேரத்தில் பூட்டு தானாக விடுபட்டது. இறங்கி முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நாங்களே எடுத்துக்கிறோம். வேற வண்டி தாரோம்" என்றார். படிக்காமல் கையெழுத்துப் போட்டேன் என்று நான் எழுதிய வரிதான் தன்னை நேரில் வரவைத்தது என்றும் சொன்னார்.

மாற்று வண்டி பார்க்க அய்யாவைக் கெஞ்சிக் கூட்டிப்போனேன். என் கண் பெரிய திரை வைத்த வண்டி மேல்தான் இருந்தது. அய்யா செருப்பைக் கழற்றிவிட்டு அதில் ஏறினார். விற்பனைப் பையன் சிரித்தான். அவர் கண்டுகொள்ளவில்லை.

"தம்பி, அந்த பேட்டரியக் கழட்டு. கதவச் சாத்து. உள்ள இருந்து தெறக்குதான்னு பாப்போம்."

"பெரியவரே, இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"நான் கேக்கேன்லே."

பெரிய வண்டியில் இரண்டு கதவுகள் திறக்கவில்லை. கடைசியில், கண்ணாடியைக் கையால் சுற்றி இறக்குகிற சின்ன வண்டி ஒன்று. நான்கு கதவையும் நான்கு தடவை சாத்தித் திறந்தார். எனக்கு முகம் சுருங்கியது, உண்மைதான். ஆனாலும் அதையே எடுத்தேன். ஒவ்வொரு தாளையும் படித்த பிறகுதான் கையெழுத்துப் போட்டேன். அதுவரை ஷோரூம்காரர்கள் காத்திருந்தார்கள்.

துன்பத்தில் தனியாக இருப்பவர்களே, அம்மனிடம் போங்கள். உங்கள் தவற்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவள் கேட்பாள்.

முதல் பயணம் கோயிலுக்குத்தான். நாங்கள் கிளம்பும் நேரத்தில் பஸ்ஸும் வந்து நின்றது. அய்யா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என் பக்கத்து இருக்கையில் ஏறி, கதவைச் சாத்தினார், திறந்தார், மறுபடி சாத்தினார்.

"போலாம்த்தா" என்றார்.