கோழிக்கால் மாப்பிள்ளை

காலை ஐந்தரைக்கு, மாமியார் எழுந்து சமையலறை விளக்கைப் போடுவதற்குள், யேஹாங் குழாயடியில் குந்தியபடி மாமனாரின் அரிவாள்களைத் தீட்டிக்கொண்டிருப்பான். கல்லில் தண்ணீர் தெளிப்பான், நாலு இழுப்பு இழுப்பான், கட்டைவிரலால் கூர் பார்ப்பான், மறுபடி இழுப்பான். விளக்கு எரிந்ததோ, போச்சு. அரிவாள்கள் கொட்டகை ஆணிக்குப் போய்விடும். யேஹாங் ஒன்றும் தெரியாத பிள்ளையாக வாசல் பெஞ்சில் உட்கார்ந்து கைபேசியைப் பார்ப்பான். இருக்கிற வீட்டிலேயே வேலையைத் திருடிச் செய்கிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நான் இந்த ஊர்த் தலைவன். தினம் ஆறு மணிக்கு மண்டபத்து ஒலிபெருக்கியில் அறிவிப்புச் சொல்வது என் வேலை. மரத்துக்கு மருந்தடிக்கிற நாள், உர மூட்டை வந்த சேதி, யார் வீட்டு நாய் அறுத்துக்கொண்டு ஓடியது, எல்லாம் என் வாயால்தான் ஊருக்குப் போகும். மண்டபத்துக்குப் போகிற வழியில் அவர்கள் வீட்டு மதில் குட்டை. ஏழு வருஷமாகப் பார்த்தும் பார்க்காத மாதிரி கடந்து போகிறேன்.

யேஹாங் லிம்பு நேபாளத்து மலைக்காரன். கடல் கடந்து எங்கள் நாட்டுத் தேகு நகரத்து நெசவாலைக்கு வேலைக்கு வந்தவன், எங்கள் யோங்ஜு பக்கத்து ஆப்பிள் தோட்டக்காரர் க்வோன் சாங்தால் அண்ணனின் ஒரே மகள் மிரானைக் கட்டிக்கொண்டு வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து சேர்ந்தான். இங்கே மாப்பிள்ளை என்றால் சாகிறவரைக்கும் விருந்தாளி. மீனில் நடுத்துண்டு அவனுக்கு. கோழி அடித்தால் இரண்டு காலும் அவனுக்கு. பகலில் டவுன் கிடங்கில் பெட்டி பெட்டியாக ஆப்பிள் தூக்குகிறவன், வீட்டுக்கு வந்து ஒரு கூடையைத் தொட்டால் மாமியார் பதறிக்கொண்டு ஓடி வருவாள். “வையுங்க மாப்பிள்ளை, ஊர் என்ன பேசும்? கீழ வையுங்க.” மிரானுக்கு இதில் வயிற்றெரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. “பெத்த மகளுக்குத் திட்டு, வந்த மாப்பிள்ளைக்குக் கோழிக்காலு” என்பாள், அவன் காதுபடவே.

அவனுக்கு அந்தக் கோழிக்கால் தொண்டையில் இறங்கவில்லை என்பது எனக்கு மட்டும் தெரியும். ஒருமுறை பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் சொன்னான்: “அண்ணே, மாமா மிரானைத் திட்டுறாரு, நாயைத் திட்டுறாரு, உங்களையும் திட்டுறாரு. என்னை மட்டும் ‘உட்காருங்க மாப்பிள்ளை’ங்கிறாரு. எங்க அப்பா தினம் திட்டுவாரு அண்ணே. புல்லு ஒழுங்கா அறுக்கத் தெரியலைன்னு திட்டுவாரு.”

அந்த அப்பா, விமானமெல்லாம் நின்றுபோன வருஷத்தில் இறந்தார். அடக்கத்தைக் கைபேசியில்தான் பார்த்தான். அவர்கள் இனத்தில் ஆம்பிளை குழிமேல் நாலு அடுக்குக் கல் வைத்து மேடு கட்டுவார்களாம். தம்பிதான் கட்டினான். விமானம் ஓட ஆரம்பித்தபோது மிரான் நிறைமாதம், பிறகு கைக்குழந்தை, பிறகு மாமனாரின் முழங்கால். பெஞ்சில் உட்கார்ந்து அவன் கைபேசியில் பார்ப்பது அந்த நாலு அடுக்குக் கல்லைத்தான். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பான். கல்லிடுக்கில் புல் முளைத்திருக்குமே என்று ஒருநாள் கேட்டான்.

அறுவடைப் பண்டிகைக்கு முன்னால் எங்கள் ஊரில் மலைக்குப் போய் முன்னோர்களின் சமாதி மேடுகளில் புல் வெட்டியாக வேண்டும். மேடு புல் மண்டிக் கிடந்தால், அந்த வீட்டில் பிள்ளை இல்லை என்று மலையே சொல்லும். சாங்தால் அண்ணன் ஐந்து மேடுகளையும் தனியாளாக வெட்டி வந்தவர். இந்த வருஷம் முழங்காலில் அறுவை சிகிச்சை. பண்டிகைக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலை அறிவிப்பை நான் முடித்த கையோடு, ஊன்றுகோலை டொக்கு டொக்கென்று ஊன்றிக்கொண்டு மண்டபத்துக்கு வந்தார். கூலிக்குப் புல் வெட்ட ஆள் ஏற்பாடு செய்யச் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “வீட்ல மலை மாதிரி மாப்பிள்ளையை வச்சுக்கிட்டு எதுக்குண்ணே கூலி ஆளு?” என்றேன். வழக்கம்போலத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைத் தடவினார்.

“அந்தப் பிள்ளை தன் அப்பன் குழியில ஒரு பிடி மண்ணு போட முடியாம எங்க வீட்ல கெடக்கு. எங்களாலதான் கெடக்கு. அவன்கிட்டப் போயி, எங்கப்பன் மேட்டுல புல்லு வெட்டித் தான்னு எந்த வாயால கேக்கச் சொல்றே?”

அப்போதுதான் என் கண் மேஜைக்குப் போனது. மைக்கில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நான் அணைக்க மறப்பது இது மூன்றாவது தடவை, முன்னிரண்டு தடவையும் ஊரே கேட்டுச் சிரித்தது. போன தடவை என் மச்சானைப் பற்றிப் பேசி, இன்றுவரை அவன் என் வீட்டுப் படி ஏறவில்லை. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. தோட்டத்து ஏணிகளில் நின்றவர்கள் அப்படியே நின்றார்களாம். யேஹாங் குழாயடியில் இருந்தான் என்று பிறகு மிரான் சொன்னாள். சமையலறை விளக்கு எரிந்தும் அரிவாளைக் கீழே வைக்கவில்லையாம்.

மறுநாள் காலை குழாயடியில் அவன் இல்லை. கொட்டகை ஆணியும் காலி. அண்ணன் என்னைக் கூப்பிட்டு, வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே, என் தோளைப் பிடித்து மலையேறினார். அரை மணி நேரப் பாதைக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

இயந்திரம் வைத்து வெட்டினால்கூட அப்படி வராது. ஐந்து மேடும் சவரம் செய்த முகமாக இருந்தன. யேஹாங் அரிவாளோடு எழுந்து, தப்புச் செய்துவிட்டு நிற்கிறவன் மாதிரி நின்றான். அண்ணன் ஒவ்வொரு மேடாகச் சுற்றி வந்தார். ஐந்தாவது, அவர் அப்பாவுடையது. அதன் பின்பக்கத்தில் ஊன்றுகோலால் தட்டினார்.

“இந்தா, இங்க ஒரு பிடி விட்டுட்டே பாரு. கண்ணை எங்க வச்சுக்கிட்டு வெட்டுனே?”

யேஹாங் ஓடிப்போய்க் குந்தி அந்த ஒரு பிடியை வெட்டினான். வெட்டிய பிறகும் எழுந்திருக்கவில்லை. முதுகு மட்டும் குலுங்கியது. நான் திரும்பி, பைன் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நான் கொண்டுபோயிருந்த அரிசி மதுவை ஐந்து மேட்டுக்கும் வைத்து வணங்கியானது. ஒரு கிண்ணம் மிச்சம். அது எங்கள் வாய்க்கு என்பது வழக்கம், நான் கையை நீட்டினேன். அண்ணன் தரவில்லை.

“உங்கப்பா எந்தப் பக்கம்டா?”

யேஹாங் அரிவாள் நுனியால் மேற்கே காட்டினான். பெரியவர்களுக்கு ஒற்றைக் கையால் ஊற்றக் கூடாது. அண்ணன் ஊன்றுகோலை என் பக்கம் போட்டுவிட்டு, மாப்பிள்ளையின் தோளில் தன் முழுப் பாரத்தையும் சாய்த்துக்கொண்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் ஏந்தி, மேற்கே பார்த்து ஊற்றினார்.